ருசிக்கு இருபது

பள்ளிக்கூடத்துக்கு ஊசிக்காரர் வந்த நாட்களை என் வயதுக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அம்மைப்பால் குத்த வருவார்கள், பூச்சி மருந்து பருக்க வருவார்கள், பல்லைப் பார்க்க வருவார்கள். வெள்ளைக் காற்சட்டை போட்ட ஒருவர் சைக்கிளை வேப்பமரத்தில் சாத்தினால் போதும், கீழ்வகுப்புப் பிள்ளைகள் அழத் தொடங்கிவிடுவார்கள். நான் அழுததே இல்லை. அழாமல் நின்றதால் எனக்கு என்ன வந்தது என்பதை இதுவரை ஒருவரிடமும் ஒழுங்காகச் சொன்னதுமில்லை. நான் ஓரிடத்தில் நிலைத்து இருந்தவள் அல்ல. மன்னாரில் கருவாட்டு வாடி, திருகோணமலையில் தையல்கடை, மலைநாட்டுத் தோட்டத்தில் குழந்தைகளைப் பார்க்கும் பிள்ளைமடுவம் என்று காலம் போய்விட்டது. படித்த படிப்பும் பாதிதான். சொல்வதில் முன்பின் இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்போது எனக்குப் பதினாலு வயது. அறுபதுகளின் தொடக்கம். எங்கள் வீடு மயிலிட்டிக் கரையில், வலை காயப்போடும் மணலை ஒட்டி இருந்தது. பள்ளிக்கூடம் ஒன்றரைக் கட்டை தள்ளி, புகையிலைத் தோட்டங்களுக்கு நடுவே. அங்கே படித்தவர்களில் கூடுதலானவர்கள் தோட்டக்காரர் வீட்டுப் பிள்ளைகள். எங்கள் வகுப்பில் கரையிலிருந்து போன பெண்பிள்ளைகள் இரண்டே பேர், நானும் எங்கள் ஒழுங்கையில் இருந்த ஒருத்தியும். எங்களுக்கென்று யாரும் தனி வாங்குப் பலகை ஒதுக்கித் தரவில்லை. ஆனால் முதல் நாளிலிருந்து நாங்கள் இருவரும் ஒரே வாங்கில்தான் இருந்தோம். மற்றவர்கள் எங்களோடு வந்து இருந்ததுமில்லை.

அந்த வருஷம் எனக்கு இடது முழங்கைக்குக் கீழே தோல் வெளிறியது. முதலில் ஐந்து சதக் குற்றியளவு. பிறகு வெற்றிலையளவு. பிறகு வாயின் இடது ஓரத்திலும் ஒன்று வந்தது. அம்மா முதலில் அதை அழகுத் தேமல் என்றார். பெரிதாகத் தொடங்கியதும் அதற்குப் பெயர் சொல்வதை விட்டுவிட்டார். நான் சிரட்டைக்கரியை எண்ணெயில் குழைத்து வாயோரத்தில் பூசிக்கொண்டு பள்ளிக்கூடம் போவேன். வியர்த்தால் அது தாடையில் வழியும். என் வாங்குக்காரி, "எடி, உனக்கு மீசை முளைக்குது" என்பாள். அவள் சொன்னால் சிரிக்கலாம். மற்றவர்கள் பார்த்தால் நான் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வேன். ஏழெட்டு மாதம் வகுப்பில் எனக்குத் தெரிந்ததெல்லாம் அந்தச் சுவர்தான்.

எங்கள் வீட்டு வழக்கம் ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். கடலுக்குப் போகிற வீட்டில் முள் குத்தாத நாள் இல்லை. கெளுத்தி முள், ஓரா முள், எல்லாவற்றுக்கும் மேலாகத் திருக்கை முள். முள் குத்தினவர் நோகிறது என்று வாய்விட்டுச் சொல்லக்கூடாது. சொன்னால் விஷம் அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறும் என்பார்கள். ஒருநாள் அப்பாவின் காலில் திருக்கை அடித்தது. வள்ளத்திலிருந்து தூக்கிக்கொண்டு வந்து இருத்தினார்கள். காலைச் சுடுதண்ணீருக்குள் வைத்துக்கொண்டு அவர் ஆடு குட்டி போட்டுவிட்டதா என்று கேட்டார். உதடு சாம்பல் நிறமாகியிருந்தது. பல் கிட்டித்திருந்தது. நோகிறது என்று அவர் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை. அப்படிக் கேட்பதே பிழை. நான் அந்தப் பழக்கத்தில் வளர்ந்தவள். தோட்டக்காரர் வீட்டுப் பிள்ளைகள் நெருஞ்சி குத்தினாலே வீரிட்டு அழுவதைப் பார்த்து எனக்கு உள்ளூர ஒரு பெருமை இருந்தது.

சுகாதாரப் பரிசோதகர் அந்த முறை வந்தது தோலைப் பார்க்க. பெண்பிள்ளைகளை விறாந்தையில் வரிசையாக நிறுத்தினார்கள். பெரிய ரீச்சர் கதிரை போட்டுப் பக்கத்தில் இருந்தார். மற்றவர்களுடைய கையைத் திருப்பிப் பார்த்துவிட்டு அனுப்பினவர், என் கையைப் பிடித்து வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார். கண்ணை மூடச் சொன்னார். சின்னப் பித்தளைப் பெட்டி திறக்கிற சத்தம் கேட்டது. பிறகு வெளிறின இடத்தில் குண்டூசி இறங்கியது.

"நோகுதோ?"

"இல்லை."

இன்னுமொரு இடத்தில் குத்தினார். பிறகு வாயோரத்தில். அது சுள்ளென்று காதுவரை போனது.

"வடிவாச் சொல்லும் பிள்ளை. நோகேல்லையோ?"

"ஒரு துளியும் நோகேல்லை" என்றேன். சொல்லும்போது சிரித்தேன் என்றும் நினைக்கிறேன். எனக்குப் பின்னால் பன்னிரண்டு பேர் நின்றார்கள். கரைப் பிள்ளை எப்படி நிற்கும் என்று அவர்கள் பார்க்கட்டும் என்று இருந்தது.

அவர் ஊசியைப் பெட்டிக்குள் வைத்தார். பெயர், தகப்பன் பெயர், வீடு எல்லாம் கேட்டு ஒரு தாளில் எழுதிப் பெரிய ரீச்சரிடம் கொடுத்தார். பெரிய ரீச்சர் அதை வாசித்துவிட்டு எழும்பிக் கதிரையை ஒரு முழம் பின்னுக்கு இழுத்துப்போட்டு மறுபடி இருந்தார். புத்தகங்களை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போகச் சொன்னார். ஆஸ்பத்திரிக் கடிதத்தோடுதான் திரும்பி வரவேண்டுமாம். அவர் தேடி வந்த பெருநோயில் உணர்ச்சி செத்துப்போகும், ஊசி குத்தினாலும் தெரியாது என்பதெல்லாம் எனக்கு அன்று தெரியாது. நான் படலையைத் தாண்டுமுன்னரே, கூட்டுகிற மனுசி எங்கள் வாங்கை வெளியே இழுத்துச் சாம்பல் போட்டுக் கழுவத் தொடங்கிவிட்டார். நான் நின்று பார்த்தேன். என்ன சிந்திவிட்டது என்று யோசித்தேன்.

அப்பா முல்லைத்தீவு மீன்வாடிக்குப் போயிருந்த மாதங்கள் அவை. அக்கா கலியாணம் செய்து பலாலிப் பக்கம் போய்விட்டாள். வீட்டில் அம்மாவும் நானும்தான். அடுத்தநாள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்த கடிதத்தை அம்மா என்னிடம் கொடுத்து வாசிக்கச் சொன்னார். நான் வாசித்தேன். அந்த நோயின் பெயரை என் வாயால் நானே என் அம்மாவுக்குச் சொன்னேன்.

அம்மா என்னை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவில்லை. அங்கே போனால் பிடித்துக் கிழக்குப் பக்கத்தில் ஒரு தீவுக்கு அனுப்பிவிடுவார்கள், போனவர்கள் திரும்புவதில்லை என்று ஊரில் கதை. அதற்குப் பதிலாகக் கொடிகாமத்துக்கு அங்கால் ஒரு பரியாரியாரிடம் கொண்டுபோனார். பட்டினத்தில் இறங்கி வேறு பஸ் ஏறவேண்டும். வழிநெடுகத் தன் சேலைத் தலைப்பால் என்னை மூடிக்கொண்டு வந்தார். வியர்வையும் மீன் செதிலும் மணக்கிற அந்த இருட்டுக்குள் எனக்கு மூச்சு முட்டியது. பரியாரியார் என்னைத் தொடவில்லை. தூர நின்றே பார்த்தார். கார்போக அரிசியை அரைத்து எண்ணெயில் குழைத்த மருந்தைப் பால்பேணி ஒன்றில் போட்டுக் கொடுத்தார். காலையில் பூசி வெயிலில் இருக்கவேண்டும், நாற்பத்தெட்டு நாள்.

அந்த நாட்களை எப்படிச் சொல்வது? கிணற்றடிக்குப் பின்னால் பனைமட்டை வேலி மறைப்பில் என்னை இருத்துவார். ஒன்பது மணிக்கு ஏறும் வெயில் பன்னிரண்டுக்கு உச்சியில் நிற்கும். மருந்து காய்ந்து தோலை இழுக்கும். நாலாம் நாள் சிவந்தது. ஆறாம் நாள் கொப்புளம் வந்தது. அம்மா அதைப் பார்த்து மருந்து பிடிக்கிறது என்று கும்பிட்டார். எனக்கு நீலக் கரை போட்ட இனாமல் கோப்பை ஒன்று தனியாக வந்தது. நான் சாப்பிட்டதும் அம்மா அதை ஈர்க்குக் கட்டால் தேய்த்துத் தனியாகக் கவிழ்ப்பார். அக்கா ஒருநாள் கைக்குழந்தையோடு வந்தாள். படலையில் நின்று அம்மாவோடு கதைத்தாள், உள்ளே வரவில்லை. குழந்தை என்னைக் கண்டு கையை நீட்டியது. அக்கா அதை மற்ற இடுப்புக்கு மாற்றினாள்.

எனக்கு அந்த நாட்களில் இருந்த ஒரே எண்ணம் பள்ளிக்கூடம்தான். வகுப்பு எந்தப் பாடத்தில் நிற்கிறது, மனையியல் ரீச்சர் சமையல் தொடங்கிவிட்டாரா, என் இடத்தில் யாராவது இருக்கிறார்களா. படிப்பில் நான் பெரிய கெட்டிக்காரி இல்லை. ஆனால் காலையில் இரட்டைப் பின்னல் போட்டுக்கொண்டு போக ஒரு இடம் இருந்தது. அது இல்லாமற்போனதும் நான் யார் என்பதே தெரியவில்லை.

பதினேழாம் நாள் கொப்புளம் உடைந்து நீர் வடிந்தது. அம்மா அதன்மேலேயே மருந்தைப் பூசினார். நான் கையை இழுத்துக்கொண்டேன்.

"நோகுது அம்மா."

அம்மாவின் விரல் அந்தரத்தில் நின்றது. "என்ன சொன்னனீ?"

"நோகுது. நெருப்பு மாதிரி நோகுது."

"உணர்ச்சி வருதோ பிள்ளை? வெளிறின இடத்திலையோ?"

"அது எப்பவும் இருந்தது. அண்டைக்கு ஊசி குத்தேக்கையும் நொந்தது."

"அப்ப ஏனடி இல்லையெண்டு சொன்னனீ?"

"நோகுதெண்டு சொல்லப்படாதெண்டு நீங்கள்தானே சொன்னியள்."

அம்மா பால்பேணியைத் தூக்கி வேலியில் எறிந்தார். பிறகு கையில் அகப்பட்ட பனைமட்டையால் எனக்கு அடித்தார். அடிக்கும்போது அவர்தான் அழுதார். எத்தனை அடி என்று தெரியாது. ஒவ்வொரு அடிக்கும் "நோகுது, நோகுது" என்று கத்தினேன். அடி நின்ற பிறகும் கொஞ்ச நேரம் கத்திக்கொண்டிருந்தேன். வாய்விட்டுச் சொல்வது அவ்வளவு சுகமாக இருந்தது.

பட்டினத்து ஆஸ்பத்திரியில் ஒரு இளம் டாக்குத்தர். அவர் பஞ்சை எடுத்ததுமே நான் நோகுது என்றேன். அவர் சிரித்துவிட்டு, இன்னும் தொடவேயில்லை என்றார். பிறகு முறையாகப் பார்த்தார். கொப்புளத்துக்கு மருந்து கட்டினார். அந்த நோய் இல்லை, நிறம் மட்டும்தான் போகிறது, ஒருவருக்கும் தொற்றாது என்று அம்மாவுக்கு மூன்று தரம் சொன்னார். அம்மா எப்போது மாறும் என்று கேட்டார்.

"இது மாறாது அம்மா. கூடினாலும் கூடும். பிள்ளை இதோடை இருக்கப் பழக வேணும்."

அம்மா அந்த இடத்திலேயே முகத்தைப் பொத்திக்கொண்டார். நோய் என்றால் மாறும் என்று ஒரு எண்ணமாவது அவருக்கு இருந்திருக்கும். அது இப்போது இல்லை. எனக்கு நடந்தது வேறு. மாறாது என்று ஒருவர் சொன்னதும் எனக்குள் இருந்த ஏதோ ஒரு வேலை முடிந்துபோனது. கரி பூச வேண்டாம். சுவரைப் பார்க்க வேண்டாம். காலையில் எழும்பியதும் விரலால் அளந்து பார்க்க வேண்டாம். அம்மா பஸ் நிலையம்வரை அழுதுகொண்டு வந்தார். எனக்குப் பசித்தது. கடையில் மூன்று தோசை சாப்பிட்டேன். கண்ணாடி அலுமாரியில் என் முகம் தெரிந்தது. அதைப் பார்த்துக்கொண்டேதான் சாப்பிட்டேன்.

கடிதத்தோடு போனேன். பெரிய ரீச்சர் நல்ல மனுசி. இதை நான் கேலியாகச் சொல்லவில்லை. காலைத் தேவாரம் முடிந்ததும் என்னை முன்னால் கூப்பிட்டு நிறுத்தி, முழுப் பள்ளிக்கூடத்துக்கும் அந்தக் கடிதத்தை வாசித்துக் காட்டினார். இந்தப் பிள்ளைக்கு நோய் ஒன்றுமில்லை, ஒருவரும் பயப்படவேண்டாம் என்றார். கையை உயர்த்திக் காட்டச் சொன்னார். காட்டினேன். அதுவரை என் கையைப் பார்த்திராத முந்நூறு பிள்ளைகளும் அன்று பார்த்தார்கள். அவர் எனக்கு நல்லதுதான் நினைத்தார். அப்படி நல்லது நினைத்தவர்களால்தான் என் வாழ்க்கையில் கூடுதல் சேதம்.

என் வாங்கில் நான் மட்டும்தான். என் வாங்குக்காரியை அவளுடைய தாய் வந்து கதைத்து வேறிடத்துக்கு மாற்றிவிட்டார். அவள் போகும்போது தன் அடிமட்டத்தை மறந்துவிட்டுப் போனாள். திரும்பி வந்து கேட்கவுமில்லை. நான் வாங்கின் நடுவில் இருந்து பழகினேன். இரண்டு பக்கமும் புத்தகங்களைப் பரப்பினேன். கையை மறைக்கவில்லை. அம்மா தைத்துத் தந்த முழுக்கைச் சட்டையின் கைகளை முழங்கைக்கு மேலே மடித்துவிட்டேன். யாராவது உற்றுப் பார்த்தால் நானும் அவர்களை உற்றுப் பார்த்தேன். முதலில் கண்ணை எடுத்தவர்கள் அவர்கள்தான்.

மனையியல் வகுப்பில் மட்டும் அப்படி நடக்க முடியவில்லை. பள்ளிக்கூட வளவின் மூலையில் கிடுகு வேய்ந்த கொட்டில்தான் சமையல் வகுப்பு. மற்றவர்கள் மா குழைக்க, நான் கொப்பியில் செய்முறை எழுதவேண்டும். "நீர் வடிவா எழுதுறீர், நீர் எழுதும்" என்பார் மனையியல் ரீச்சர். புட்டு எழுதினேன். இடியப்பம் எழுதினேன். பயற்றம் பணியாரம் எழுதினேன். ஏழு கிழமையாக ஒரு பிடி மாவைத் தொடவில்லை. வகுப்பு முடிவில் செய்ததை எல்லோரும் பகிர்ந்து சாப்பிடுவார்கள். அதில் எனக்கும் பங்கு தருவார்கள். தருவதில் குறைவில்லை.

தவணைச் சோதனைக்குக் கொழுக்கட்டை. ஒவ்வொருவரும் தன் கையால் தனியாகச் செய்யவேண்டும். பெரிய ரீச்சரும் வந்து ஒவ்வொரு மேசையிலும் ருசி பார்ப்பார். சுத்தத்துக்கு இருபது, செய்முறைக்கு நாற்பது, வடிவுக்கு இருபது, ருசிக்கு இருபது. அதற்குப் பிறகு தட்டுகள் வகுப்பைச் சுற்றிவரும். முதல்நாளே மனையியல் ரீச்சர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். நான் கஷ்டப்படத் தேவையில்லையாம், வந்து இருந்தால் போதுமாம், மார்க் அவரே போட்டுவிடுவாராம்.

"நான் செய்யிறன் ரீச்சர்" என்றேன். "எனக்குச் செய்யத் தெரியும்."

"பிடிவாதம் கூடாது பிள்ளை."

"கடிதத்திலை தொத்தாதெண்டு இருக்குது. பெரிய ரீச்சர்தான் வாசிச்சவ."

அவர் குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அதை நான் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். அவர்கள் என் கையால் ஒன்றைச் சாப்பிட்டுவிட்டால் எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்று நம்பினேன். ஒன்று போதும். ஒருவர் கடித்து விழுங்கினால் போதும். அன்றிரவு அதைத்தான் நேர்ந்துகொண்டேன்.

நான் செய்தது ஒன்பது. பயறு வறுத்து உடைத்து அவித்தேன், சர்க்கரையும் தேங்காய்ப்பூவும் ஏலமும் போட்டுக் குழைத்தேன். சுடுதண்ணீர் விட்டு மா குழைத்தபோது வெளிறின கை மாவுக்குள் போய்வந்தது. எது மா, எது கை என்று தெரியவில்லை. விளிம்பைப் பல்லுப் பல்லாகக் கிள்ளினேன். ஒன்றும் வெடிக்காமல் அவிந்தது. வாழையிலை விரித்த தட்டில் வட்டமாக அடுக்கினேன்.

பெரிய ரீச்சர் மறுகோடியிலிருந்து தொடங்கினார். ஒவ்வொரு மேசையிலும் ஒன்றைப் பிட்டு வாயில் போட்டு, ஏதாவது சொல்லிச் சிரித்தார். ஒன்பது மேசை. பத்தாவது என் பழைய வாங்குக்காரியுடையது. அவளுடையது வெடித்துப் பயறு வெளியே வந்திருந்தது. அதையும் சாப்பிட்டார். பிறகு என் முன்னால் வந்து நின்றார். தட்டைப் பார்த்தார். மிகவும் வடிவாக இருக்கிறது என்றார். அவருடைய உதட்டில் ஒரு தேங்காய்ப்பூ ஒட்டியிருந்தது.

"எனக்கு இண்டைக்கு விரதம் பிள்ளை. மறந்துபோனன்" என்றார்.

அவருக்குப் பின்னால் வந்த மனையியல் ரீச்சர் அதைக் கேட்டுத் தானும் தலையை ஆட்டினார். எந்த விரதம் என்று ஒருவரும் கேட்கவில்லை. தட்டுகள் சுற்றிவந்தன. என் தட்டை எடுத்துக் கொடுத்தேன். அது கைமாறிக் கைமாறி ஒன்பதும் ஒன்பதாகத் திரும்பி வந்தது. தோலுக்காக மட்டுமா, கரையும் சேர்ந்ததாலா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. என் பழைய வாங்குக்காரி எனக்கு மட்டும் கேட்கும்படி, "நான் திண்டிருப்பனடி. அம்மா என்னைக் கொன்றுபோடுவா" என்றாள். அவள் சொன்னது உண்மையாக இருக்கும்.

நான் பலகையை இழுத்துப்போட்டு இருந்து, தட்டை மடியில் வைத்துச் சாப்பிடத் தொடங்கினேன். ஒன்று, இரண்டு. அவசரப்படவில்லை. கொட்டில் முழுவதும் பார்த்துக்கொண்டிருந்தது. பயறு பதமாக அவிந்திருந்தது. மா மெத்தென்று இருந்தது. மூன்றாவதில்தான் எனக்குப் பிடிபட்டது, வெளிமாவில் உப்புக் கூடிவிட்டது. நாலாவதிலும் அப்படித்தான். ஒன்பதையும் முடித்தேன். கடைசி இரண்டும் தொண்டையில் நின்றன, தண்ணீர் கேட்கவில்லை.

மனையியல் ரீச்சர் மார்க் கொப்பியை விரித்து ஒவ்வொருவருக்காக வாசித்தார். எனக்குத் தொண்ணூற்றைந்து. வகுப்பில் அதுதான் ஆகக் கூடிய மார்க்.

நான் எழும்பி, ருசிக்கு எத்தனை என்று கேட்டேன்.

"முழு மார்க் பிள்ளை. இருபது."

"உப்புக் கூடிப்போச்சு ரீச்சர். பதினைஞ்சு போடுங்கோ."

அவர் பெரிய ரீச்சரைப் பார்த்தார். பெரிய ரீச்சர் அடுப்பைப் பார்த்தார்.

"பதினைஞ்சுதான் வரும்" என்றேன். "நான் சாப்பிட்டுப் பாத்தனான்."

போட்டது போட்டதுதான் என்று சொல்லி மனையியல் ரீச்சர் கொப்பியை மூடினார். நான் சட்டி பானையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்தேன். அடுத்தநாள் போகவில்லை. அதற்கு அடுத்தநாளும் போகவில்லை. பிறகு ஒருநாளும் போகவில்லை.

சோதனை எப்படி என்று அம்மா கேட்டார். கொழுக்கட்டைக்கு ருசியில் இருபதுக்கு இருபது என்று சொன்னேன். அம்மாவுக்குச் சரியான சந்தோஷம். அன்று பின்னேரம் ஒழுங்கை முழுக்க அதைச் சொல்லிக்கொண்டு திரிந்தார்.